சிறுநீரகத்தில் ஓடும் மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஈ.சி.ஜி. பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இதயத்தைப் போலவே சிறுநீரகமும் மின்சாரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குச் சேலம் மாவட்டத்திலிருந்து மட்டும் ஆறு கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே சர்க்கரை நோய், மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை இந்த ஆறுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: இதயம் துடிக்கிறது, நரம்பில் செய்தி போகிறது, அங்கெல்லாம் மின்சாரம் இருக்கிறது என்பது புரிகிறது. வடிகட்டும் வேலையைச் செய்யும் சிறுநீரகத்தில் மின்சாரம் எங்கே இருக்கிறது? தொட்டால் ஷாக் அடிக்குமா? (பிளஸ் டூ மாணவர், அம்மாபேட்டை)

பதில்: ஷாக் அடிக்காது, தம்பி. ஆனால் மின்சாரம் இருக்கிறது. கம்பியில் எலக்ட்ரான்கள் சுமக்கும் மின்னேற்றத்தை உடலுக்குள் உப்பின் அயனிகள் சுமக்கின்றன, வேறுபாடு அவ்வளவே. சமையல் உப்பு நீரில் கரைந்ததும் நேர்மின்னேற்றம் கொண்ட சோடியமாகவும் எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடாகவும் பிரிந்துவிடும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். சிறுநீரகத்தின் வேலையில் பெரும்பகுதி அந்த உப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதுதான்.

வடிகட்டுவது என்று நீங்கள் எழுதியது பாதிக் கதை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்னும் நுண்ணிய அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. அவற்றின் தலைப்பில் இருக்கும் வடிகட்டிகள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து பிரித்து நுண்குழல்களுக்குள் விடுகின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். நாம் வெளியேற்றுவது ஒன்றரை லிட்டர் சிறுநீரும் சில கிராம் உப்பும் மட்டுமே. மற்றதையெல்லாம் நுண்குழலின் சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள் திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன.

அந்தச் செல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு முகம் குழலுக்குள் ஓடும் நீரைப் பார்த்திருக்கிறது. மறுமுகம் இரத்தத்தைப் பார்த்திருக்கிறது. சோடியம் பம்பு எனப்படும் புரதம் இரத்தத்தைப் பார்த்த முகத்தில் மட்டுமே பதிந்திருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடிய அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசிய அயனிகளை உள்ளே இழுக்கிறது. உள்ளே சேர்ந்த பொட்டாசியம் தனக்கென்று உள்ள கால்வாய்கள் வழியே மெல்ல வெளியே கசிய, செல்லின் உட்புறம் எதிர்மின்னேற்றம் அடைந்து, வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கிறது. சோடியம் குறைவாகவும் எதிர்மின்னேற்றத்துடனும் இருக்கும் அந்த அறைக்குள் குழல் நீரின் சோடியம் தானாகவே இறங்கி வரும். வந்ததை மறுமுகத்துப் பம்பு இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும். பம்பு ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் உப்பு ஒரே திசையில் நகர்கிறது. இந்தப் பம்பை 1957இல் நண்டின் நரம்பில் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ, 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

70 மில்லிவோல்ட் என்பது டார்ச் பேட்டரியின் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லையே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். அந்த அழுத்தத்தைத் தாங்கும் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் வருகிறது. காற்றில் பொறி பறப்பதற்கு மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். ஆனால் இது இதயத்தைப்போல் துடிப்பதில்லை, நிலையாக நிற்கிறது. அதனால்தான் தோலில் பட்டை ஒட்டிச் சிறுநீரகத்துக்கு ஓர் ஈ.சி.ஜி. எடுக்க முடிவதில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்லூரிப் பேராசிரியர் மெல்லிய வெள்ளிக் கம்பி ஒரு முழம் வாங்கிக்கொண்டு, சிறுநீரக ஆராய்ச்சிக்கு என்று சொல்லிச் சென்றார். வெள்ளிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: அவர் நிச்சயமாக மின்முனை செய்வதற்குத்தான் வாங்கியிருப்பார். நானும் அதே தெருக்களில் அதே கம்பிக்காக அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

குழலுக்குள் மின்னேற்றத்தைச் சுமப்பவை அயனிகள். அளவிடும் கருவியின் கம்பியிலோ எலக்ட்ரான்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். வெள்ளிக் கம்பியின் மேல் வெள்ளி குளோரைடு படிந்திருந்தால் அந்த வேலை தடங்கலின்றி நடக்கும்: கரைசலிலிருந்து ஒரு குளோரைடு அயனி வந்து வெள்ளியோடு சேரும்போது ஓர் எலக்ட்ரான் கம்பிக்குள் போகிறது, ஓர் எலக்ட்ரான் எதிர்த்திசையில் வரும்போது ஒரு குளோரைடு கரைசலுக்குத் திரும்புகிறது. வெறும் செப்புக் கம்பியை உப்பு நீரில் நுழைத்தால் அது தன் பாட்டுக்கு ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, நாம் தேடும் சில மில்லிவோல்ட்டை மூழ்கடித்துவிடும்.

செய்முறை எளிது. கம்பியின் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பளபளப்பு மங்கி, நாவற்பழத் தோலைப் போன்ற சாம்பல் கலந்த ஊதா நிறம் ஏறும். பிறகு அதைக் கழுவி, ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுனியுடைய கண்ணாடி ஊசிக்குள், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்கும்படி செருக வேண்டும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செல்லைத் துளைப்பது அந்தக் கண்ணாடி நுனி. வெள்ளி செல்லைத் தொடுவதே இல்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை தூய வெள்ளி என்று கேட்காமல், கொலுசுக்கு வைத்திருந்த கம்பியையே வாங்கிப் போய்விட்டேன். இரண்டு நாள் முழுக்க அளவுகள் ஒரு நிலையில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தன; கருவியைக் குறை சொன்னேன், கரைசலைக் குறை சொன்னேன், மாணவரையும் குறை சொன்னேன். மூன்றாம் நாள் பட்டறைக்குத் திரும்பி வந்து கேட்டபோது, கம்பியைக் கையில் வாங்கிய பெரியவர் ஒரு நொடியில், “இது டச் குறைவுங்க, செம்பு கலந்தது” என்றார். செம்புதான் அத்தனைக்கும் காரணம்.

இந்த முறையில் நுண்குழலை அளக்கும் கலைக்கு நூறாண்டு ஆகிவிட்டது. 1924இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் தவளையின் சிறுநீரகத்தைக் கண்ணாடி ஊசியால் துளைத்து, வடிகட்டியிலிருந்து இறங்கும் நீரை நேரடியாக எடுத்து ஆராய்ந்தார்கள். 1966இல் மாரிஸ் பர்க் குழுவினர் முயலின் சிறுநீரகத்திலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஒரு நுண்குழல் துண்டைத் தனியே பிரித்து, இரு முனைகளிலும் கண்ணாடிக் குழாய்களால் பிடித்து, அதற்குள் தாமே தயாரித்த நீரை ஓட்டிக் காட்டினார்கள். எந்தத் துண்டில் எத்தனை மில்லிவோல்ட் என்று நான் கீழே சொல்லப்போகும் எண்களில் பெரும்பாலானவை அந்த வழியில் கிடைத்தவை.

கேள்வி: மின் உற்பத்தி நிலையத்தில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காப்புரை சரியில்லாமல் கசிவு இருந்தால் மின்னழுத்தம் நிற்காது என்பது எங்கள் பாலபாடம். செல்களை அடுக்கிக் கட்டிய சுவரில் இடுக்கு வழியே அயனிகள் கசியாதா? (வாசகர், மேட்டூர்)

பதில்: கசியும். எங்கே எவ்வளவு கசிய விட வேண்டும் என்பதில்தான் சிறுநீரகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

நுண்குழலின் முதல் பகுதியில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள ஒட்டு மிகவும் தளர்வானது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு அதன் மின்தடை 5 முதல் 10 ஓம் அளவுதான். தங்கள் பாலபாடத்தின்படியே அங்கே மின்னழுத்தம் நிற்பதில்லை: தொடக்கத்தில் குழலின் உட்புறம் 2 முதல் 4 மில்லிவோல்ட் எதிர்மறையாகவும், சற்றுத் தள்ளி ஏறத்தாழ அதே அளவு நேர்மறையாகவும் இருக்கிறது. தொடக்கத்தில் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் சோடியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் போவதால் குழலில் நேர்மின்னேற்றம் குறைகிறது. அவை தீர்ந்த பிறகு, குழலில் மிஞ்சித் திரண்ட குளோரைடு இடுக்கு வழியே வெளியேறுவதால் குறி மாறிவிடுகிறது. வடிகட்டிய சோடியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பகுதியிலேயே, நீரோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. அள்ள வேண்டிய அளவு அதிகம், ஏற வேண்டிய உயரம் குறைவு என்பதால் கசியும் சுவர் இங்கே குறையாகாது. இடுக்கு வழியாகவும் நீரும் உப்பும் போவதால் பம்பின் செலவு மிச்சமாகிறது.

கடைசிப் பகுதியாகிய சேகரிப்புக் குழலில் நிலைமை வேறு. அங்கே ஒட்டு இறுக்கமானது, மின்தடை நூற்றுக்கணக்கான ஓம். குழலின் உட்புறம் இரத்தப் பக்கத்தைவிட 20 முதல் 40 மில்லிவோல்ட் வரை, சில நேரங்களில் அதற்கும் மேலாக, எதிர்மறையாக நிற்கும். இரத்தத்தில் லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் இருக்க, உடலுக்கு உப்பு பற்றாத நாளில் சிறுநீரில் 10க்கும் கீழே அதை இறக்கிவிட இந்தச் சுவரால் முடிகிறது. சுவர் கசிந்தால் இது நடக்காது.

தங்கள் ஊரையே எடுத்துக்கொண்டால், வயல் வரப்பும் தண்ணீரைத்தான் தடுக்கிறது, 120 அடி நீரைத் தாங்கும் அணையும் தண்ணீரைத்தான் தடுக்கிறது. வரப்பில் கொஞ்சம் ஊறினால் பக்கத்து வயலுக்குத்தான் போகும், யாரும் கவலைப்படுவதில்லை. அணையில் ஊறினால் 16 கண் மதகுப் பக்கம் ஊரே கூடிவிடும்.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியதால் ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவு என்றும், மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் ஏறாது என்றும் மருத்துவர் சொன்னார். மாடியில் நின்றால் மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளை மேடு தெரிகிற வீட்டில் மக்னீசியத்துக்குப் பஞ்சமா என்று மாமனார் கேலி செய்கிறார். நீர் மாத்திரைக்கும் மக்னீசியத்துக்கும் என்ன தொடர்பு? (வாசகி, வெள்ளக்கல்பட்டி)

பதில்: தங்கள் மாமனாரின் கேலியை நான் ரசித்தேன். வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட்தான். உலைக்குள் பதிக்கும் செங்கல் செய்ய அது போகிறது. ஆனால் இரத்தத்தில் எவ்வளவு மக்னீசியம் தங்க வேண்டும் என்பதை மண் முடிவு செய்வதில்லை. உணவிலிருந்து எடுப்பது குடலின் வேலை என்றால், எடுத்ததைக் காப்பது சிறுநீரகத்தின் வேலை. அந்தக் காவலை நடத்துவது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் மின்னழுத்தம்.

நுண்குழல், வடிகட்டியிலிருந்து புறப்பட்டு, ஹேர்ப்பின் போலச் சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் அதன் சுவர் தடித்திருக்கும் இடத்தைத் தடித்த ஏறு பகுதி என்கிறோம். நீர் நுழைய முடியாத சுவர் அது. ஆனால் வடிகட்டிய சோடியத்தில் கால் பங்கை அங்கேதான் மீட்கிறோம். அங்குள்ள செல்லின் குழல் முகத்தில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு ஆகிய நால்வரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றுவது போல ஒன்றாகத்தான் ஏற்றும். இரண்டு நேர், இரண்டு எதிர்; ஆகவே இந்தப் பயணத்தால் மட்டும் மின்னழுத்தம் எதுவும் பிறக்காது.

பிறப்பது அதற்கு அடுத்த படியில். உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளுகிறது. குளோரைடும் அதே பக்கம் தன் கால்வாய் வழியே போய்விடுகிறது. பொட்டாசியம் மட்டும் பெரும்பாலும் வந்த வழியே குழலுக்குள் திரும்பிவிடுகிறது. நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் ஒருபுறமும் எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு மறுபுறமும் பிரிவதால், குழலின் உட்புறம் நேர்மறையாகிறது. கால்சியமும் மக்னீசியமும் ஒவ்வொன்றும் இரண்டு நேர்மின்னேற்றம் உடையவை. நேர்மறையான குழல் அவற்றை விலக்குகிறது. அவை செல்லுக்குள் நுழையாமல், செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கு வழியே இரத்தப் பக்கம் ஒதுங்குகின்றன. வடிகட்டிய மக்னீசியத்தில் 100க்கு 60 முதல் 70 பங்கு இந்த ஓரிடத்தில்தான் இப்படி மீட்கப்படுகிறது. இடுக்கில் அவற்றுக்கு வழிவிடும் கிளாடின்-16 என்ற புரதத்தின் மரபணுவை 1999இல் கண்டறிந்தார்கள்; அது பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்கு மக்னீசியமும் கால்சியமும் சிறுநீரில் ஓடிவிடும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஃபுரோசமைடு அந்த நால்வர் ஆட்டோவை நிறுத்துகிறது. உப்பு குழலிலேயே தங்கி, நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வீக்கம் வடிந்தது அதனால்தான். ஆட்டோ நின்றால் பொட்டாசியத்தின் திரும்பும் பயணமும் நின்று, அந்த 10 மில்லிவோல்ட்டும் சரிந்துவிடுகிறது. தள்ளுவதற்கு ஆளில்லாமல் மக்னீசியமும் கால்சியமும் சிறுநீரோடு போய்விடுகின்றன. தைசைடு வகை நீர் மாத்திரைகள் இதற்கு அடுத்த பகுதியில் வேறொரு கடத்தியை நிறுத்துவதால், அவை கால்சியத்தை வெளியேற்றுவதில்லை, மாறாகத் தேக்குகின்றன. எல்லாமே நீர் மாத்திரைதானே என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொட்டாசியத்தின் கதை இன்னும் கொஞ்சம் சுவையானது. மேலே மீட்கப்படாத சோடியம் மொத்தமாகச் சேகரிப்புக் குழலுக்கு வந்து இறங்குகிறது. அங்கே அது செல்லுக்குள் நுழைய நுழைய, குழல் மேலும் எதிர்மறையாகி, செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியே இழுக்கிறது. பொட்டாசியம் வெளியேறும் அந்தக் கால்வாயின் வாயில் சாதாரண நாளில் ஒரு தக்கை செருகியிருக்கும். செல்லுக்குள் இருக்கும் மக்னீசிய அயனிதான் அந்தத் தக்கை. மக்னீசியம் குறைந்தால் தக்கை விலகிவிடும். பிறகு எத்தனை பொட்டாசியம் சிரப் குடித்தாலும் அது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். தங்கள் மருத்துவர் சொன்னதன் உள்விளக்கம் இதுவே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வீங்கிய காலும் மூச்சுத் திணறலும் திரும்பி வந்தால் அது பிடிப்பைவிடப் பெரிய தொல்லை.

கேள்வி: பேருந்து நிலையம் அருகே ஒருவர் இடுப்பில் கட்டும் மின்பட்டை விற்கிறார். அது சிறுநீரகத்துக்கு மின்சாரம் கொடுத்துப் பலப்படுத்துமாம். வாங்கலாமா? (வாசகர், ஓமலூர்)

பதில்: வேண்டாம். வெளியிலிருந்து செலுத்தும் சிறு மின்னோட்டம் தோலிலும் தசையிலும் பரவிப் போய்விடும். ஆழத்தில் இருக்கும் நுண்குழல் செல்லின் ஒரு முகத்துக்கும் மறுமுகத்துக்கும் இடையே அது எதையும் மாற்றாது. அந்தப் பம்புகளுக்கு வேண்டிய ஆற்றல் இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவிலிருந்து வருகிறது. உடல் எடையில் 200இல் ஒரு பங்குகூட இல்லாத சிறுநீரகங்களுக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போகிறது. பட்டைக்கு வைத்திருக்கும் பணத்தில் இரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், தினமும் குடித்துவந்த இளநீரை நிறுத்தச் சொல்லிவிட்டார். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இளநீர் குடித்தால் நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? (வாசகி, ஆத்தூர்)

பதில்: வெள்ளக்கல்பட்டி வாசகியின் மாமியாருக்கு நடந்ததை அப்படியே திருப்பிப் போட்டால் தங்கள் அப்பாவின் நிலை கிடைக்கும். சேகரிப்புக் குழலில் சோடியம் நுழையும் கால்வாய்களை ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் திறந்துவைக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மருந்து. சோடியம் நுழைவது குறைந்தால் குழலின் எதிர்மின்னேற்றமும் குறைகிறது. பொட்டாசியத்தை வெளியே இழுக்கும் விசை தளர்ந்து, பொட்டாசியம் உடலிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே எல்லோரும் சொல்லும் யோசனை ஃபுரோசமைடுக்கு ஓரளவு பொருந்தலாம். இந்த மாத்திரைக்குப் பொருந்தாது.

ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 6ஐத் தாண்டினால் இதயச் செல்களின் மின்னழுத்தம் குலையத் தொடங்கும், ஈ.சி.ஜி.யில் டி அலை கூடாரம்போல் கூர்மையாக எழும். அப்பாவுக்கு வெயிலுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டுமானால் இளநீருக்கு மாற்றாகச் சாத்துக்குடிச் சாற்றையும் கொடுத்துவிடாதீர்கள், அதிலும் பொட்டாசியம் உண்டு. மண்பானைத் தண்ணீர் கொடுங்கள். அதையும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று, அடுத்த பொட்டாசியம் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.